குடும்பக் கணக்கும் வாழ்க்கைப் பருவங்களும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில், முண்டியம்பாக்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'கல்வியும் முன்னேற்றமும்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தார்கள். அப்பொருளை விட்டு விலகாமலே, மேடைகளில் பலரும் பேசக் கூசுகின்ற ஒன்றைப் பற்றி இன்று பேச விழைகின்றோம். அதுதான் பணம். நம் வீட்டிற்குள் வருகின்ற பணம், வந்த வழியே வெளியேறுகின்ற பணம், வருவதற்கு முன்பே செலவாகிவிடுகின்ற பணம். இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது. அந்த எழுத்து நம் வீட்டுக் கணக்கிற்குள் நுழையாவிட்டால், படித்தவர் கூட்டம் பெருகும். கடன் மட்டும் குறையாது. இதுவே இன்று நாம் சொல்ல வந்த செய்தி.

முதலில் நம் சொந்த வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லிவிடுகின்றோம்.

1981ஆம் ஆண்டு நமக்கு வயது பதினொன்று. ஆறாம் வகுப்பில் பயின்று வந்தோம். எம் தந்தையார் கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளி. எம் பாட்டியார் இறந்தபோது ஈமச் செலவிற்காக ஒருவரிடம் 200 ரூபாய் கடன் வாங்கியிருந்தார். வட்டி, நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். ஆண்டில் பல நாள்கள் கடன் கொடுத்தவரின் நிலத்தில் கூலி பெறாமல் உழைத்தார். அந்த உழைப்பு வட்டிக்குச் சரியாகிவிடுகின்றது, அசல் 200 மட்டும் நிற்கின்றது என்பது அவருடைய நம்பிக்கை.

ஒரு நாள் 'நோட்டு மாற்றி எழுத வேண்டும், வா' என்று ஆள் வந்தது. எம் தந்தையார் நம்மையும் கையோடு அழைத்துச் சென்றார். திண்ணையில் அவர்கள் அமர்ந்திருந்தார்கள். நாங்கள் வாசலில் நின்றோம். கைந்நாட்டு வைப்பதற்கு முன், 'பையன் கொஞ்சம் படிக்கட்டுமே, சாமி' என்று எம் தந்தையார் கேட்டார். அவர்கள் சிரித்துக்கொண்டே புரோநோட்டை நீட்டினார்கள். நாம் உரக்கப் படித்தோம். 'ரூபாய் எண்ணூற்று அறுபத்தைந்து' என்று அதில் எழுதியிருந்தது. எம் தந்தையார் நம் முகத்தைப் பார்த்தார். 'மறுபடி படி' என்றார். மறுபடியும் படித்தோம். அன்று அவர் கைந்நாட்டு வைக்கவில்லை. இரண்டு ஆடுகளையும் ஒரு கன்றையும் விற்று, ஊர்ப் பெரியவர் இருவரை வைத்துப் பேசி, 400 ரூபாய் கொடுத்துக் கணக்கை முடித்தார். பள்ளியில் நாம் கற்ற கல்வி முதன்முதலாக எம் வீட்டிற்குப் பயன்பட்ட நாள் அது.

200 எவ்வாறு 865 ஆயிற்று? பிற்காலத்தில் நாமே கணக்கிட்டுப் பார்த்தோம். புரோநோட்டின் பேரில் வழக்குத் தொடுக்கச் சட்டம் அளிக்கும் காலம் மூன்று ஆண்டு. அக்காலம் முடிவதற்குள் கடன் கொடுத்தவர் புதிய நோட்டு எழுதி வாங்குவார். அப்போது வட்டியையும் அசலோடு சேர்த்துவிடுவார். மாதம் மூன்று வட்டி என்றால் மூன்று ஆண்டில் 200க்கு வட்டி 216. முதல் மாற்றத்தில் அசல் 416. அடுத்த மூன்று ஆண்டில் அதற்கு வட்டி 449. இரண்டாம் மாற்றத்தில் அசல் 865. இதில் மாயம் ஏதுமில்லை. வெறும் பெருக்கற் கணக்குத்தான். எம் தந்தையார் உழைத்த உழைப்பு மட்டும் நோட்டின் பின்புறத்தில் ஓரிடத்திலும் வரவு வைக்கப்படவில்லை.

நம் மக்கள் இழந்தவற்றுள் பல, கடன் என்னும் வாயில் வழியாகவே போயின. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் அளித்த அறிக்கையின் பயனாக, 1892இல் நம் மக்களுக்கு நிலம் வழங்க அரசு ஆணையிட்டது. அதனையே பஞ்சமி நிலம் என்கின்றோம். பத்து ஆண்டுகளுக்கு அதனை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பின்னரும் நம் மக்களுக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அத்தகைய காப்பு இருந்தும் அந்நிலங்களுள் பெரும்பகுதி இன்று பிறர் கையில் இருக்கின்றது. வன்முறையும் மோசடியும் அதற்குக் காரணங்களாயின. வாசிக்கத் தெரியாமல் வைத்த கைந்நாட்டும் ஒரு காரணமாயிற்று.

நிலத்தைப் போலவே உழைப்பும் போயிற்று. முன்பணம் வாங்கியவன் அக்கடன் தீரும்வரை வேறிடம் செல்லலாகாது என்னும் வழக்கத்தை 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கியது. அத்தகைய கடனே செல்லாது என்றும் அச்சட்டம் கூறுகின்றது. ஆயினும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு செல்லும் வழக்கம் இன்னும் நின்றுவிடவில்லை. எவரையேனும் கடனைக் காட்டி வெளியேற விடாமல் தடுத்து வைத்திருந்தால், சார் ஆட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ முறையிடலாம். இதனை ஒவ்வோர் இளைஞரும் தெரிந்து வைத்திருத்தல் வேண்டும்.

கடன் என்றாலே தீது என்று நாம் கூறவில்லை. அண்ணல் அம்பேத்கர் அவர்கள் பொருளாதாரம் பயின்ற பேரறிஞர் என்பதை நாம் பல நேரங்களில் மறந்துவிடுகின்றோம். பரோடா அரசின் உதவித்தொகை முடிந்து, இலண்டன் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு 1917இல் நாடு திரும்பினார். 1918 முதல் பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றி, பரேல் பகுதித் தொழிலாளர் குடியிருப்பில் எளிய வாழ்வு நடத்திப் பணம் சேர்த்தார். 1920இல் அச்சேமிப்போடு, கோலாப்பூர் மன்னரின் உதவியும் நண்பர் நவல் பாத்தேனா அளித்த கடனும் சேர, மீண்டும் இலண்டன் சென்றார். ரூபாயின் சிக்கல் பற்றிய அவருடைய ஆய்வு நூல் 1923இல் வெளிவந்தது. அவரும் கடன் வாங்கினார். ஆனால் முதலில் சேமித்தார். குறைந்ததற்கு மட்டும் வாங்கினார். வாங்கியதைப் படிப்பிற்குச் செலவிட்டார். நாளைய வருவாயைப் பெருக்கும் கடன் வேறு. ஒரு நாள் பந்தலோடு முடிந்துபோகும் கடன் வேறு.

வட்டியின் உண்மை உருவத்தைக் காண, வகுப்பறையில் செய்வதுபோல் ஒரு சிறு கணக்கு போடுவோம். 10,000 ரூபாய்க் கடன். வங்கியில் நகையை அடகு வைத்து ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்பது ரூபாய் வட்டியில் வாங்கினால், ஓராண்டு வட்டி 900 ரூபாய். மகளிர் குழுவில் மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் 1,200 ரூபாய். வெளியில் மூன்று வட்டி என்றால் 3,600 ரூபாய். பத்து வட்டி என்றால் 12,000 ரூபாய். வாங்கிய கடனைக் காட்டிலும் வட்டி மிகுதி.

தண்டல் கடனை எடுத்துக்கொள்வோம். 10,000 என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். நாள் ஒன்றுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். '1,500தானே!' என்று தோன்றும். நாள்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக நம் கையில் நிற்கும் பணம் ஏறத்தாழ 4,300 ரூபாய்தான். அதற்கு 100 நாளில் 1,500 வட்டி. ஆண்டுக்கணக்கில் அது நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடுகின்றது. 'வட்டி எவ்வளவு?' என்று மட்டும் கேளாதீர்கள். 'கையில் வருவது எவ்வளவு, மொத்தம் கட்டுவது எவ்வளவு, எத்தனை நாளில்?' என்று மூன்று கேள்வி கேளுங்கள்.

கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. அதற்குச் சான்று வேண்டும். ஆதலின், கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் நோட்டின் பின்புறத்தில் வரவு எழுதிக் கையொப்பம் பெறுங்கள். நீங்களும் ஒரு குறிப்பேட்டில் நாளிட்டு எழுதி வையுங்கள். வெற்றுத் தாளிலும் தொகை எழுதாத காசோலையிலும் எவருக்கும் கையொப்பமிட்டுத் தராதீர்கள். ஜாமீன் கையெழுத்து என்பது நட்புக்கு அடையாளமன்று. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் ஜாமீன் நின்றவரே முழுக் கடனையும் கட்ட வேண்டும் என்பது சட்டம்.

நிற்க. இனி, வாழ்க்கைப் பருவங்கள் ஒவ்வொன்றிலும் குடும்பம் செய்யத்தக்கது யாது என்பதைப் பார்ப்போம்.

முதலாவது, பள்ளிப் பருவம். பிள்ளைக்கு இப்பருவத்தில் நாம் தரத்தக்க முதற் செல்வம் இடையறாத பள்ளி வருகை. சில ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பில் நன்கு படித்து வந்த மாணவன் ஒருவன் பொங்கல் விடுமுறைக்குப் பின் பள்ளிக்கு வரவில்லை. வீடு தேடிச் சென்றோம். வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பமே கரும்பு வெட்டப் போயிருந்தது. சித்திரையில் திரும்பி வந்த அவன் தாயாரோடு அமர்ந்து கணக்குப் போட்டோம். மூத்த மகளின் மஞ்சள் நீராட்டு விழாவிற்காக மேஸ்திரியிடம் 40,000 முன்பணம். பந்தல், ஒலிபெருக்கி, சாப்பாடு, பட்டுப்புடவை எல்லாம் சேர்த்துச் செலவு 58,000. மொய் வந்தது 22,000. 'மொய் வந்துவிட்டதே, ஐயா' என்றார் அந்தத் தாய். அந்த மொய்யும் கடன்தானே! மொய் நோட்டில் எழுதியிருக்கின்றவர் ஒவ்வொருவருக்கும் அவர் திருப்பிச் செய்ய வேண்டும். அம்மாணவன் அவ்வாண்டுத் தேர்வை எழுதவில்லை. அடுத்த ஆண்டு அவனைத் திரும்பச் சேர்க்க நாம் செய்த முயற்சியும் பலிக்கவில்லை. மகளுக்கு எடுத்த விழாவின் விலையை மகனின் படிப்பு கொடுத்தது. அத்தாயை நாம் குறை கூறவில்லை. சுற்றத்தார் முன் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்னும் ஆசை எவருக்குத்தான் இல்லை? ஆனால் அந்தக் கணக்கை விழாவிற்கு முன்னரே யாரேனும் அவரோடு அமர்ந்து போட்டிருக்க வேண்டும். அந்த 'யாரேனும்' நாமாக இருந்திருக்க வேண்டும்.

இப்பருவத்தில் பெற்றோர் செய்யத்தக்க மற்றொன்று, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவற்றில் பெயரும் பிறந்த நாளும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்த்துத் திருத்தி வைப்பது. ஓர் எழுத்து மாறியதால் உதவித்தொகை தாமதப்பட்ட பிள்ளைகளைப் பலமுறை கண்டிருக்கின்றோம். பத்தாம் வகுப்பிற்குப் பிந்தைய படிப்பிற்கான உதவித்தொகை, அண்ணல் அவர்கள் வைசிராய் நிர்வாக சபையில் இருந்த காலத்தில், 1944இல் தொடங்கியது. அந்த உரிமை கவனக் குறைவால் நம் பிள்ளைகளுக்குத் தவறிப் போகலாமா? உயர்கல்விக்குப் பணம் போதாவிட்டால் கல்விக் கடன் உண்டு. வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்தில் நான்கு இலட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. நிலத்தையோ நகையையோ விற்பதற்கு முன் அந்த வழியை நாடுங்கள். வேலை தரும் படிப்புதானா, அங்கீகாரம் பெற்ற கல்லூரிதானா என்பதையும் விசாரியுங்கள்.

இரண்டாவது, முதற் சம்பளப் பருவம். நம் இளைஞர் பலர் இன்று ஒரகடம், திருப்பெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். கையில் மாதம் பதினைந்தாயிரமோ இருபதாயிரமோ வந்த உடனே தவணைக்கு மோட்டார் சைக்கிள், தவணைக்குக் கைப்பேசி என்று தொடங்கிவிடுகின்றனர். தம்பிமார்களே, முதல் மாதமே ஒரு பழக்கத்தை மேற்கொள்ளுங்கள். சம்பளம் வந்த அன்றே பத்தில் ஒரு பங்கை வேறு கணக்கிற்கு மாற்றிவிட்டு, மீதத்தில் செலவு செய்யுங்கள். செலவு செய்து மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்றால் எக்காலத்திலும் மிஞ்சாது. நாள் ஒன்றுக்குப் பத்து ரூபாய் என்று மாதம் 300 ரூபாயை அஞ்சலகத் தொடர் வைப்பில் ஐந்தாண்டு கட்டினால், 2024ஆம் ஆண்டு வழங்கிய 6.7 விழுக்காட்டு வட்டியில், கட்டிய 18,000 ஏறத்தாழ 21,400 ஆகத் திரும்பும். இதற்கு மாறாக, நாள் ஒன்றுக்கு 150 ரூபாய் மதுக்கடைக்குப் போனால் ஆண்டுக்கு 54,750 ரூபாய். அந்தப் பணத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம்.

வேலை மாறும்போது வருங்கால வைப்பு நிதியை ஒவ்வொரு முறையும் எடுத்துச் செலவழிக்காதீர்கள். பழைய கணக்கைப் புதிய வேலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு பணி சேர்ந்தால் அதில் ஓய்வூதிய உரிமையும் பிறக்கின்றது. கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் கடன் தருகின்றோம் என்று வரும் செயலிகளைத் தொடாதீர்கள். அவற்றுள் சில உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, பின்னர் உங்கள் உறவினருக்கே அவற்றை அனுப்பி மானத்தை வாங்கின. மாதத்துக்கு நூற்றுக்கு இருபத்தைந்து, முப்பது தருகின்றோம் என்று சொல்லும் நிறுவனங்களையும் நம்பாதீர்கள். 2022ஆம் ஆண்டில் அவ்வாறு நம்பிப் பணம் கட்டிய பல்லாயிரம் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இன்றுவரை காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைகின்றன. சீட்டு கட்டுவதாயின், 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற சீட்டா என்று பாருங்கள்.

மூன்றாவது, திருமணப் பருவம். இங்கே நம் தவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். 1998இல் எம் தங்கையின் திருமணத்தை, 'வாத்தியார் வீட்டுத் திருமணம்' என்று ஊர் சொல்ல வேண்டும் என்பதற்காக, மூன்று இடங்களில் 60,000 ரூபாய் கடன் வாங்கி நடத்தினோம். அக்கடனைத் தீர்க்க ஆறு ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆறு ஆண்டுகளில் கைக்கு எட்டிய ஒரு வீட்டுமனை கை நழுவிப் போயிற்று. புரோநோட்டைப் படித்துத் தந்தையைக் காத்த நாமே, மானத்திற்கு அஞ்சி நோட்டு எழுதிக் கொடுத்தோம். திருமணத்திற்கு வந்து உண்டவர்களுள் ஒருவரும் இன்று அந்தப் பந்தலை நினைவு கொள்ளவில்லை. எம் இல்லத்தார் மட்டும் அந்த ஆறு ஆண்டுகளையும் நன்றாக நினைவு வைத்திருக்கின்றார்.

ஆதலின், திருமணத்திற்குக் கடன் வாங்குவதில்லை என்று இரு வீட்டாரும் முன்னரே பேசி முடிவு செய்தல் நன்று. செலவின் எல்லை, கையிலிருக்கும் சேமிப்பின் எல்லையே. திருமணம் முடிந்த முதல் மாதமே கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு வரவு செலவுக் குறிப்பேடு தொடங்குங்கள். வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கட்டும். வீட்டுமனைப் பட்டாவில் மனைவியின் பெயரும் இடம்பெறட்டும். நம் குடும்பங்களில் பணத்தை ஆள்கின்றவர் ஆண்; பற்றாக்குறையைச் சுமக்கின்றவர் பெண். இருவரும் ஒரே குறிப்பேட்டைப் பார்த்தால் இந்த முறைகேடு பெரிதும் குறையும்.

நான்காவது, மக்கட்பேற்றுப் பருவம். குழந்தை பிறந்த வீட்டில் முதல் தேவை அவசர நிதி. மூன்று மாதக் குடும்பச் செலவு தனியே இருத்தல் வேண்டும். கரும்பு வெட்டுக் காலத்தில் கையில் பணம் இருக்கும். வெட்டு ஓய்ந்த மாதங்களில் வறட்சி வரும். அந்த வறட்சியில்தான் அடுத்த ஆண்டின் முன்பணத்திற்குக் கை நீள்கின்றது. வெட்டுக் காலத்திலேயே வறட்சி மாதங்களின் அரிசியையும் பள்ளிச் செலவையும் ஒதுக்கி வைத்தால், மேஸ்திரியிடம் கை நீட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது தேவை காப்பீடு. 2022 ஜூன் முதல், ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் இரண்டு இலட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும், 436 ரூபாய் கட்டினால் இரண்டு இலட்ச ரூபாய் ஆயுள் காப்பீடும் வங்கிக் கணக்கின் வழியே கிடைக்கின்றன. முன்னதில் 70 வயது வரையும் பின்னதில் 50 வயது வரையும் சேரலாம். உழைப்பாளி ஒருவர் சாலை விபத்தில் இறந்தால் அந்தக் குடும்பம் மறுநாளே கடனுக்குப் போகும். தேசிய நெடுஞ்சாலை நம் ஊரருகே ஓடுகின்றது. இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது, பெண் குழந்தைக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டம். 2015இல் தொடங்கிய இத்திட்டத்தில் பத்து வயதிற்குள் கணக்குத் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் போதும். மாதம் 500 வீதம் பதினைந்து ஆண்டு கட்டினால், 2024ஆம் ஆண்டின் 8.2 விழுக்காட்டு வட்டி நிலைக்குமாயின், இருபத்தொன்றாம் ஆண்டில் இரண்டரை இலட்சத்திற்கும் மேல் வரும். பதினெட்டு வயதில் உயர்கல்விக்காகப் பாதி வரை எடுக்கலாம். மஞ்சள் நீராட்டிற்கு வைக்கும் பணத்தை இந்தக் கணக்கில் வையுங்கள். அதுவே மகளுக்கு எடுக்கும் பெரிய விழா.

ஐந்தாவது, நடுவயது. வீடு கட்டுவதும் நோய் வருவதும் இப்பருவத்தில்தான். அரசுத் திட்டத்தில் வீடு கிடைத்தவர்களுள் பலர், 'கட்டுவது ஒருமுறைதானே' என்று இன்னும் ஓர் அறை, இன்னும் ஒரு மாடி என்று பெரிதாக்கி வெளிக்கடனில் சிக்கிக்கொள்கின்றனர். அரசு தரும் தொகையில் அடங்கும் அளவிற்கு முதலில் கட்டுங்கள். கையில் சேர்ந்தபின் விரிவாக்குங்கள். மருத்துவத்திற்கு, நம் ஊரிலேயே 2010இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்திருக்கின்றது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை நோய் வருவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். கட்டட வேலை, விவசாயக் கூலி முதலிய உடலுழைப்புத் தொழில் செய்வோர் அவரவருக்குரிய நல வாரியத்தில் பதிவு செய்து, காலந்தோறும் புதுப்பித்து வாருங்கள். பிள்ளைகளின் கல்வி, திருமணம், விபத்து, இறப்பு, ஓய்வூதியம் ஆகியவற்றிற்கு வாரியத்தின் உதவி உண்டு; பதிவைப் புதுப்பிக்காதவர்களுக்கு அது கிட்டாமல் போகும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். வாரத்தவணைக் குழுக் கடன் ஒன்றை அடைக்க மற்றொன்று என்று நான்கு குழுக்களில் கடன் வைத்திருக்கும் சகோதரிகள் உண்டு. குடும்ப மாத வருவாயில் பாதிக்கு மேல் கடன் தவணை போகலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டில் வரையறுத்தது. ஆண்டு முழுதும் வேலை கிடைக்காத நம் குடும்பங்களுக்குப் பாதி என்பதே மிகுதி. கால் பங்கிற்கு மேல் வேண்டா என்பது நம் கருத்து. நகையை அடகு வைத்தால், மீட்க வேண்டிய கெடுநாளைக் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஆறாவது, முதுமை. பிள்ளைகள் காப்பாற்றுவார்கள் என்பது நல்ல நம்பிக்கைதான். ஆயினும் பிள்ளைக்கும் ஒரு குடும்பம் உண்டு. அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 60 வயதிற்குப் பின் மாதம் 5,000 ரூபாய் பெற, 18 வயதில் சேர்ந்தவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 40 வயதில் சேர்ந்தவர் 1,454 ரூபாய் கட்ட வேண்டும். காலத்தின் விலை என்ன என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடுகின்றன. முதியோர்களே, வாழும் வீட்டையும் இருக்கும் நிலத்தையும் உயிரோடிருக்கும்போதே முழுவதும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எழுதியே ஆகவேண்டுமாயின், 'எம்மைப் பராமரிக்க வேண்டும்' என்னும் நிபந்தனையைப் பத்திரத்தில் சேருங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகின்றது. எல்லாக் கணக்கிலும் வாரிசு நியமனம் செய்யுங்கள். பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்பதை வீட்டில் இருவருக்கேனும் சொல்லி வையுங்கள். எம் இறுதிச் சடங்கிற்குக் கடன் வாங்கலாகாது என்பதையும் பிள்ளைகளிடம் இன்றே சொல்லிவிடுங்கள். எம் பாட்டியாரின் ஈமக்கடன் எம் தந்தையாரை எத்தனை ஆண்டு வாசலில் நிறுத்தி வைத்தது என்பதை இப்போதுதான் கேட்டீர்கள்.

'இவ்வளவும் வருவாய் உள்ளவனுக்குச் சரி. அன்றாடம் கூலிக்குப் போகின்றவன் எதைச் சேமிப்பது?' என்று சிலர் கேட்கக்கூடும். நேர்மையான கேள்வி. குறைந்த கூலிக்குச் சிக்கனம் மருந்தாகாது. அதற்குக் கூலி உயர வேண்டும், நிலம் வேண்டும், வேலை வேண்டும். அவற்றிற்காகப் போராடுவது தனிக் கடமை. ஆனால் வட்டிக்குப் போகும் பணமும் நம் கூலிதான். மூன்று வட்டியை ஒரு வட்டியாக்கினால், அந்த அளவிற்கு நம் கூலியை நாமே உயர்த்திக்கொண்டவர்களாவோம்.

முடிவாக, சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஒன்று, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் நம் பட்டதாரிகள் இருவர் அமர்ந்து, எவர் எந்தத் தாளைக் கொண்டுவந்தாலும் படித்துப் பொருள் சொல்ல வேண்டும். கடன் பத்திரமாயினும், வங்கி அறிவிப்பாயினும், உதவித்தொகை விண்ணப்பமாயினும் அதனைப் படிக்காமல் எவரும் கையொப்பமிடலாகாது. இரண்டு, எட்டாம் வகுப்பிற்கு மேற்பட்ட ஒவ்வொரு மாணவனும் மாணவியும் தம் வீட்டு வரவு செலவை எழுதும் பொறுப்பை ஏற்க வேண்டும். அதற்கான குறிப்பேடுகளை வாங்கித் தரும் செலவை நாம் ஏற்கின்றோம். மூன்று, கடன் வாங்காமல் திருமணமோ விழாவோ நடத்தும் குடும்பத்தைச் சங்கத்தின் ஆண்டு விழாவில் மேடையேற்றிப் பாராட்ட வேண்டும். செலவு செய்தவனுக்குப் போகும் மரியாதை, கணக்கறிந்தவனுக்கு வரட்டும்.

எம் தந்தையார் எழுதப் படிக்கத் தெரியாமலே மறைந்தார். ஆனால் 1981க்குப் பின் அவர் எந்தத் தாளிலும் நாம் படித்துச் சொல்லாமல் கைந்நாட்டு வைத்ததில்லை. ஒரு வீட்டில் ஒரு பிள்ளை படித்தால் அந்த வீடு எவ்வளவு மாறும் என்பதற்கு அதனைவிட வேறு சான்று நமக்குத் தெரியாது. இங்கே அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, இன்று வீட்டிற்குச் சென்றதும் உங்கள் பெற்றோரிடம் கேளுங்கள்: 'நமக்குக் கடன் எவ்வளவு? வட்டி எவ்வளவு? தாளை எடுத்து வாருங்கள், நான் படிக்கின்றேன்.' இச்சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டு உழைப்பிற்கு நீங்கள் செலுத்தும் நன்றி அதுவாக இருக்கட்டும்.